வீட்டுல போடுற ஏத்தங்கா சிப்ஸை துபாய்க்கு எக்ஸ்போர்ட் பண்ண ஐஈசி மட்டும் எடுத்தா போதுமா?

கேட்டவரு மார்த்தாண்டம் பக்கம். அம்மாவும் அத்தையும் சேந்து ஏத்தங்கா (நேந்திரங்கா) சிப்ஸ் போட்டு லோக்கல் கடைகளுக்கு குடுக்காங்க, துபாய்ல இருக்குற மச்சான் "இங்க நல்லா போவும் மக்கா, அனுப்பு"ன்னு சொல்லுதாராம், ஐஈசி எடுத்தா போதுமான்னு கேக்காரு.

போதாது. ஆனா ஐஈசி, அதாவது ஏத்துமதி எறக்குமதி பண்ண வாங்க வேண்டிய நம்பர், எடுக்குறது பெரிய வேலையும் இல்ல. டிஜிஎஃப்டி (மத்திய அரசோட வெளிநாட்டு வர்த்தக ஆபீசு) வெப்சைட்ல பான் கார்டு, பேங்க் அக்கவுண்ட் வச்சு நீங்களே எடுத்துரலாம், அரசாங்க ஃபீஸ் 500 ரூவா, உங்க பான் நம்பர்தான் ஐஈசி நம்பரா வரும். இதுக்குப் போய் ஏஜெண்டுக்கு ஆயிரக்கணக்குல குடுத்த ஆளுங்கள எனக்குத் தெரியும், குடுக்காதீங்க. வருஷா வருஷம் ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள எதுவுமே மாறலன்னாலும் உள்ள போய் அப்டேட் குடுக்கணும், இல்லன்னா டீஆக்டிவேட் ஆயிரும், இத பாதி பேரு மறந்துருவாங்க.

நான் சிப்ஸ்காரன் இல்ல, தும்புக்காரன், அதாவது தேங்கா நார் யாவாரம். ஈத்தாமொழி பக்கம் அப்பா வச்ச சின்ன தும்பு மில் எங்களுக்கு. கதம்பைய (தேங்கா மட்டைய) அடிச்சு தும்ப எடுத்துட்டு மிச்சம் வர்ற தூள மில்லுக்குப் பின்னால மலை மாதிரி குவிச்சுப் போட்டிருப்போம், மழை பெஞ்சா செவப்புத் தண்ணி ஒழுகி அடுத்த தோப்புக்காரங்க சண்டைக்கு வருவாங்க, அந்தக் குப்பையத்தான் இன்னைக்கு கோகோபீட்னு கட்டியா அழுத்தி கப்பல்ல ஏத்துதோம். எங்க கதையச் சொன்னா உங்களுக்கு எது முக்கியம்னு புரியும்.

மொத ஆர்டர் ஐரோப்பாவுல நர்சரிகளுக்கு சப்ளை பண்ற ஒருத்தர்ட்ட இருந்து வந்துச்சு. அவங்க பாக்குறது முக்கியமா ஈசி, அதாவது தூள்ல எவ்வளவு உப்பு நிக்குதுங்குற அளவு. நல்ல தண்ணில கழுவிக் கழுவி அத கொறைக்கணும், கேட்டது 0.5க்குள்ள. நாங்க சாம்பிள் அனுப்புனது ஐப்பசி மழை முடிஞ்ச கையோட, கெணத்துல நல்ல தண்ணி, 0.4 வந்துச்சு, அவருக்கு சந்தோஷம், 40 அடி கண்டெய்னர் ஒண்ணு கேட்டாரு. அதுக்கு 5 கிலோ கட்டி கிட்டத்தட்ட 5,000 வேணும். தூளக் கட்டியா அழுத்துற பிரஸ் எங்கள்ட்ட கெடையாது, வெளிய கூலிக்கு குடுத்து அடிச்சு, எல்லாம் சேத்து முடிக்க பங்குனி ஆயிட்டு. கடல் பக்கத்துல கெணறு பங்குனில எப்படி இருக்கும்னு எங்க ஊருல சின்னப் பிள்ளைக்கும் தெரியும், வாயில வச்சா கரிக்கும். அந்தத் தண்ணிலதான் கழுவிருக்கோம், ஒருத்தனுக்கும் தோணல. சரக்கு அங்க போய் இறங்கி அவங்க டெஸ்ட் பண்ணி 1.3ன்னு மெயில் வந்தப்பதான் அப்பா தலையில கைய வச்சாரு. திரும்பக் கழுவுற செலவு எங்க கணக்குல பிடிச்சுட்டாங்க, லாபம் போச்சு, கைக்காசும் கொஞ்சம் போச்சு. அவர்மேல தப்பே இல்ல, பேசுனது ஒண்ணு அனுப்புனது ஒண்ணு.

இன்னொரு விஷயமும் அப்பதான் தெரிஞ்சுது, எவ்வளவு தூளுக்கு எவ்வளவு தண்ணி ஊத்தி அளக்கணும்ங்குறது ஊருக்கு ஊரு மாறும், ஐரோப்பாக்காரங்க ஒரு பங்கு தூளுக்கு ஒண்ணரை பங்கு தண்ணி கணக்கு, நாம இங்க நெறைய தண்ணி ஊத்திப் பாத்தா நம்பர் அழகா கொறஞ்சு காட்டும். அதனால வாங்குறவன் எப்படி அளக்குறான்னு மொதல்லயே கேட்டுருங்க.

இப்ப உங்க சிப்ஸுக்கு வாறேன். மச்சான் ஊருக்கு வந்துட்டுப் போறப்ப பையில கொண்டு போனது நல்லாருந்துச்சு, சரி, அது ரெண்டு நாள் பழசு. கடைக்குப் போற பாக்கெட் கப்பல், குடோன், ஷெல்ஃபுன்னு மாசக்கணக்குல கெடக்கணும். தேங்கா எண்ணெயில பொரிச்சது காத்து பட்டா காறிப் போயிரும், நைட்ரஜன் அடிச்சு பேக் பண்ணாம அந்தப் பக்கம் யோசிக்காதீங்க. நீங்க போடுற சிப்ஸ்ல நாலு பாக்கெட்ட ஓட்டு வீட்டுப் பரண்ல மூணு மாசம் வச்சு அப்புறம் பிரிச்சுத் தின்னு பாருங்க, எந்தக் கன்சல்டண்டும் இத விட நல்லா சொல்ல மாட்டான். அம்மா சீவுற கனமும் அத்தை சீவுற கனமும் ஒண்ணா இருக்கான்னும் பாருங்க, சிரிக்காதீங்க, அங்க ரெண்டாவது ஆர்டர் வாறது இதுலதான் இருக்கு.

லேபிள் அடுத்த தலவலி. அங்க அரபி கட்டாயம். தயாரிச்ச தேதியும் காலாவதி தேதியும் கவர்லயே அடிச்சிருக்கணும், பெறவு ஸ்டிக்கர் ஒட்டுற வேல நடக்காது. அங்க எறக்குற கம்பெனி துபாய் முனிசிபாலிட்டில உங்க ஐட்டத்தையும் லேபிளையும் ரெஜிஸ்டர் பண்ணணும், அதாவது உங்களுக்கு வேண்டியது லைசென்ஸ் இருக்குற ஒரு இம்போர்ட்டர், மச்சான் இல்ல. மச்சான் பத்து கடையில ஏறி எறங்கி அந்த ஆளக் கண்டுபிடிச்சுக் குடுத்தா அதுவே பெரிய உதவி.

பேப்பர் வேலைய வேகமா சொல்லிருதேன்: எஃப்எஸ்எஸ்ஏஐல (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எக்ஸ்போர்ட்டுக்கு சென்ட்ரல் லைசென்ஸ், விவசாயப் பொருள் ஏத்துமதியப் பாக்குற அபேடால ரெஜிஸ்ட்ரேஷன் (எங்களுக்கு கயிறு வாரியம், கிராம்புக்காரங்களுக்கு ஸ்பைசஸ் போர்டு), ஜிஎஸ்டில எல்யூடிங்குற உறுதிமொழிக் கடிதம் போட்டா வரி கட்டாம அனுப்பலாம், வெளிநாட்டுக் காசு எந்த பேங்க் வழியா வருதுன்னு காட்டுற ஏடி கோடு பேங்க்ல வாங்கி போர்ட்டுக்கு ரெஜிஸ்டர் பண்ணணும். இதெல்லாம் தூத்துக்குடில ஒரு நல்ல கஸ்டம்ஸ் புரோக்கர் பாத்துக்கிடுவாரு.

ஆனா நான் உங்க இடத்துல இருந்தா மொத வருஷம் இதுல எதையுமே செய்ய மாட்டேன். அடுத்தவங்க சரக்க வாங்கி ஏற்கனவே கல்ஃபுக்கு அனுப்புற மெர்ச்சண்ட் எக்ஸ்போர்ட்டர் ஒருத்தருக்கு சரக்கு போடுவேன். அவரு 90 நாளுக்குள்ள வெளிய அனுப்புறதா இருந்தா, அதுக்குண்டான விதிப்படி 0.1 சதவீதம் ஜிஎஸ்டில உங்கள்ட்ட வாங்கலாம். ரேட்டு கொஞ்சம் கொறையும், ஆனா ரிஜெக்ட் ஆனா எதுக்கு ஆச்சுன்னு அவரு காசுல படிச்சுக்கிடலாம், நாங்க எங்க காசுல படிச்சோம்.

அப்படியும் நேரடியா அனுப்பத்தான் செய்வேன்னா, பாதி காசு அட்வான்ஸ் வாங்காம லோடு ஏத்தாதீங்க, சொந்தக்காரன் சொன்ன பார்ட்டியா இருந்தாலும். மிச்சத்துக்கு ஈசிஜிசின்னு அரசாங்க கம்பெனியோட ஏத்துமதி இன்சூரன்ஸ் இருக்கு, வாங்குனவன் காசு தராம ஏமாத்துனா பெரும்பகுதி கெடைக்கும். ரேட்டு கேட்டா எஃப்ஓபில சொல்லுங்க, தூத்துக்குடில கப்பல்ல ஏத்துற வரைக்கும் உள்ள செலவு மட்டும் உங்க தலையில. கப்பல் வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் நம்ம தலையிலன்னு ஆகுற சிஐஎஃப்னு வாய விட்டுட்டு கப்பல் வாடகை ஏறி ராத்திரி தூக்கம் கெட்டவன் நான்.

ஜிஐ டேக் (ஊரு பேர வச்சுக் குடுக்குற புவிசார் குறியீடு) பத்தி ஒருத்தர் கீழ கமெண்ட்ல கேட்டிருக்காரு. ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கும் இருக்கு, கன்னியாகுமரி கிராம்புக்கும் மட்டிப் பழத்துக்கும் இருக்கு. பேரு நமக்குப் பெருமதான், ஆனா அதப் பாத்து எங்க மில்லுக்கு இதுவரைக்கும் ஒரு பையரும் போன் பண்ணல. மட்டிப் பழம் எல்லாம் நாகர்கோவில் தாண்டுறதுக்குள்ளயே கனிஞ்சு காம்பு விட்டுரும்.

எங்க விஷயம், இப்ப பேனா மாதிரி ஒரு ஈசி மீட்டர் வாங்கி மில் ஜன்னல்ல வச்சிருக்கோம், ரெண்டாயிரம் சொச்சம்தான். தை பொறந்தா அப்பா தெனமும் காலையில வாளில தண்ணி கோரி அத முக்கிப் பாப்பாரு, நம்பர் ஏறுனா அன்னைக்கு கழுவு கெடையாது, கடல விட்டு உள்ள தள்ளி இருக்குற பக்கத்துல இருந்து டேங்கர்ல தண்ணி வரும். டேங்கர் காசையும் சேத்துத்தான் இப்ப ரேட்டே போடுதோம்.