ஃபெரெட்டுக்குத் தடுப்பூசி: போட்ட பிறகான முதல் ஒரு மணி நேரம்

கீரிப்பிள்ளையைப் போல் தோன்றும் சிறு வளர்ப்புப் பிராணியான ஃபெரெட்டை, புதுச்சேரியிலும் கடலூரிலும் வளர்ப்பவர்கள் மிகச் சிலரே. ஆனால், தடுப்பூசி பற்றி அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே அச்சத்திலிருந்து பிறக்கின்றன. முதலியார்பேட்டையில் சிறு பிராணிகளுக்கு மருத்துவம் பார்க்கும் எனக்கு வந்தவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: டாக்டர் அம்மா, எங்கள் ஃபெரெட்டுக்குப் பத்து வாரம் ஆகிறது. நாய்க்குட்டிக்குப் போடும் கூட்டு ஊசியையே போட்டுவிடலாம் என்கிறார்கள். போடலாமா?

வேண்டாம். ஃபெரெட் பார்வைக்குக் கீரிப்பிள்ளையை ஒத்திருந்தாலும், அது நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. (கீரியை வீட்டில் வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.) நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்னும் தொற்றுநோயின் கிருமி, நாயைவிட ஃபெரெட்டுக்குக் கொடியது, அந்நோய் கண்ட ஃபெரெட் பிழைப்பது மிக மிக அரிது. நாய்களுக்கான ஊசிகளில் வீரியம் குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள டிஸ்டெம்பர் கிருமி இருக்கிறது. அவற்றுள் சில, ஃபெரெட்டின் உடலுக்குள் சென்று அந்த நோயையே உண்டாக்கியிருக்கின்றன. கூட்டு ஊசியில் உள்ள மற்றப் பகுதிகள் ஃபெரெட்டுக்குப் பயன்படாததோடு, ஒவ்வாமைக்கு இன்னும் ஒரு வழியைத் திறந்துவிடவும் கூடும்.

அமெரிக்காவில் ஃபெரெட்டுக்கென்றே அனுமதி பெற்ற ஊசி ஒன்று உண்டு. கேனரிப் பறவையின் அம்மைக் கிருமிக்குள் டிஸ்டெம்பரின் மரபணுத் துண்டுகளை மட்டும் பொருத்தி அதைச் செய்தார்கள் என்பதால், அதனால் டிஸ்டெம்பர் வர வழியே இல்லை. குட்டிக்கு 8, 11, 14 ஆகிய வாரங்களிலும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் போடுவது வழக்கம். உங்கள் குட்டிக்கு எந்த ஊசி என்பதை ஃபெரெட் பார்த்துப் பழகிய மருத்துவரே முடிவு செய்யவேண்டும். குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கலந்து பேசலாம். ரேபிஸ் ஊசியில் இந்தச் சிக்கல் இல்லை. அதிலிருப்பது கொல்லப்பட்ட கிருமி. 12 வாரம் நிறைந்தபின் போட்டு, ஆண்டுதோறும் தொடரலாம்.

லாஸ்பேட்டையிலிருந்து: சென்ற ஆண்டு ஒரே நாளில் இரண்டு ஊசிகள் போட்டார்கள். இருபது நிமிடத்தில் வாந்தி எடுத்து, இரத்தம் கலந்து பேதியாகி, அப்படியே துவண்டுவிட்டது. மருத்துவர் காப்பாற்றினார். இனி ஊசியே வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

உங்கள் அச்சம் நியாயமானது. நீங்கள் சொல்வது ஃபெரெட்டுகளிடம் நன்கு அறியப்பட்ட கடும் ஒவ்வாமை. ஊசிப் பொருளை எதிரியாகக் கருதும் உடல், ஒவ்வாமையைத் தூண்டும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகிறது. குடலும் தோலும் முதலில் அதைக் காட்டிக்கொடுக்கின்றன. வால் முடி சிலிர்ப்பது, மூக்கும் உள்ளங்காலும் சிவப்பது, ஈறு வெளுப்பது, எச்சில் வடிவது, மூச்சு இரைப்பது ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடனே சொல்லவேண்டும். பெரும்பாலும் இது முதல் அரைமணி நேரத்துக்குள் நிகழ்வதால், ஊசி போட்டதும் கூண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பாமல், மருத்துவமனையிலேயே ஒரு மணி நேரம் இருங்கள் என்று எல்லோரிடமும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அட்ரினலினும் ஆக்ஸிஜனும் சலைனும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்போது பிழைக்கக்கூடிய உயிர், போக்குவரத்து நெரிசலில் சிக்கிய ஆட்டோவுக்குள் போய்விடலாம்.

இனி என்ன செய்வது? இரண்டையும் ஒரே நாளில் போட்டதால் எது காரணம் என்று தெரியாமல் போயிற்று. இனிமேல் குறைந்தது மூன்று வார இடைவெளி விட்டுத் தனித்தனியே போடவேண்டும். அதே நிறுவனத்தின் அதே ஊசியை மீண்டும் போடக்கூடாது. வேறு ஊசி போடுவதாக இருந்தால், முன்னதாக ஒவ்வாமை எதிர்ப்பு மருந்தை ஊசியாகச் செலுத்திவிட்டுப் போடுவது நல்லது. அது ஆபத்தைக் குறைக்குமே தவிர முழுதாக நீக்காது. வயது வந்த, பலமுறை ஊசி போட்ட, நாய்களோடு பழகாத ஃபெரெட்டாக இருந்தால், டிஸ்டெம்பர் ஊசியை நிறுத்திவைப்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம். ரேபிஸை மட்டும் அவ்வளவு எளிதில் கைவிட என் மனம் ஒப்பாது, ஏனெனில் அந்த நோய் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் தொடக்கூடியது. சென்ற ஆண்டு போட்ட ஊசிகளின் பெயரையும் தொகுதி எண்ணையும் அந்த மருத்துவமனையில் கேட்டு வாங்கி, தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: ஒவ்வாமைக்கு வீட்டில் ஏவில் மாத்திரை வைத்திருந்தால் போதாதா?

போதாது. வாந்தி எடுக்கும் பிராணிக்கு மாத்திரை உள்ளே தங்காது. தங்கினாலும் வேலை செய்வதற்குள் காலம் கடந்துவிடும். ஒரு கிலோ எடையுள்ள உடலுக்கு அளவு தெரியாமல் கொடுப்பது வேறோர் ஆபத்து.

அரியாங்குப்பத்திலிருந்து: வெயில் காலத்தில் ஊசி போட அழைத்து வரலாமா?

அக்னி நட்சத்திர நாள்களில் வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் விடியற்காலையில் வாருங்கள். 30 டிகிரிக்கு மேல் ஃபெரெட்டுக்குத் தாங்காது. வியர்வை வழியே உடலைக் குளிர்விக்க அதற்கு முடியாது. வெப்பத்தாக்கத்திலும் வாய் திறந்து மூச்சு வாங்கித் துவண்டு கிடக்குமாதலால், வந்தது வெயிலாலா ஊசியாலா என்று மருத்துவரே குழம்ப நேரிடும். ஊசி மருந்தை நீங்களே கடையில் வாங்கிப் பையில் போட்டு எடுத்து வருவதையும் தவிருங்கள். அது 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரிலேயே இருக்கவேண்டிய பொருள்.

வில்லியனூரிலிருந்து: ஊசி போட்ட இடத்தில் சிறு கட்டி இருக்கிறது.

பட்டாணி அளவுக் கட்டி சில வாரங்களில் கரையும். ஒரு மாதத்துக்குப் பிறகும் வளர்ந்தாலோ, மூன்று மாதமாகியும் மறையாவிட்டாலோ, இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினாலோ சதைப் பரிசோதனை செய்யவேண்டும். இது பூனைகளுக்காக வகுக்கப்பட்ட விதி. ஊசி போட்ட இடத்தில் ஃபெரெட்டுகளுக்கும் அரிதாகப் புற்றுக்கட்டி வந்திருப்பதால் நான் இதையே பின்பற்றுகிறேன்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: ஊசி போட்ட ஃபெரெட் என் மகளைக் கடித்துவிட்டது. நாங்கள் பயப்படவேண்டுமா?

காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் தடவாதீர்கள். இன்றே கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்குக் குழந்தையை அழைத்துச் செல்லுங்கள். ஃபெரெட்டின் தடுப்பூசி அட்டையையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். ஆனால் அந்த அட்டையை நம்பி மகளுக்குரிய ஊசியைத் தள்ளிப்போடவேண்டாம். பிராணியைப் பத்து நாள் தனியே அடைத்துக் கவனியுங்கள். நடையில் தள்ளாட்டமோ குணத்தில் மாற்றமோ தெரிந்தால், கையால் தொடாமல் அன்றே எனக்குத் தெரிவியுங்கள்.