வெற்றி, மத நல்லிணக்கம், சமூக ஊடகம்: மாணவர்கள் கேட்டவை

சமூக உளவியலில் ஆய்வு செய்துகொண்டிருக்கும் மாணவி நான். மனிதர்கள் கூட்டமாகச் சேரும்போது எப்படி நினைக்கிறார்கள், திரையில் பார்ப்பது அந்த நினைப்பை எப்படி மாற்றுகிறது என்பதுதான் என் படிப்பு. மாணவர்களும் ஒரு தாயும் என்னிடம் கேட்டவற்றில் ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். என் சொந்தக் கருத்து வரும் இடத்தில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவர்): படிப்பைப் பாதியில் விட்டவர்கள்தான் பெரிய ஆளாக வந்திருக்கிறார்கள் என்று தினமும் ரீல்ஸ் வருகிறது. பட்டம் வாங்குவது வீண் என்றே தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் அக்கா?

பதில்: பில் கேட்ஸும் மார்க் ஸக்கர்பெர்க்கும் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டது உண்மை. ஆனால் அப்படி விட்டுவிட்டு எதுவும் அமையாமல் போனவர்களைப் பற்றி யாரும் ரீல்ஸ் போடுவதில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது ஆபிரகாம் வால்ட் என்ற கணிதவியலாளர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயங்கிய புள்ளியியல் குழுவில் இருந்தார். குண்டடி பட்டுத் திரும்பிய போர் விமானங்களை வைத்து, விமானத்தின் எந்தப் பாகம் பலவீனமானது என்று கணக்கிடும் முறையை அவர் உருவாக்கினார். அதன் சாரம் இதுதான்: திரும்பி வந்த விமானத்தில் தெரியும் ஓட்டை, அந்த இடத்தில் அடிபட்டாலும் பறக்க முடியும் என்பதற்குச் சாட்சி. எந்த இடத்தில் அடிபட்டவை திரும்பவே இல்லையோ, அங்கேதான் ஆபத்து. உங்கள் திரைக்கு வருபவர்கள் எல்லோரும் திரும்பி வந்தவர்கள். வராதவர்களையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த இருவருக்கும் படிப்பை விடும்போதே கையில் வேலை ஓடிக்கொண்டிருந்தது. உங்களிடம் அப்படி ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் பேசலாம். இல்லையென்றால் பட்டத்தை முடித்துவிடுங்கள்.

கேள்வி (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி): எத்தனை முறை படித்தாலும் பரீட்சையில் மறந்துவிடுகிறது. தோழிகள் 'இன்று பத்து மணி நேரம் படித்தேன்' என்று ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். நான் தோற்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: படிக்கும் முறையை மாற்றிப் பார் தங்கச்சி. 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு குழு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு படித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. ஆகவே படித்து முடித்ததும் 'எல்லாம் தெரிந்துவிட்டது' என்று வரும் நிம்மதியை நம்பாதே. புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத் தாளில் எழுது. எங்கே தடுமாறுகிறாயோ, அதை மறுநாள் படி.

தோழிகள் பத்து மணி நேரமும் எப்படிப் படித்தார்கள் என்று ஸ்டேட்டஸ் சொல்லாது. பரீட்சை முடியும்வரை அதை மியூட் செய்துவிடு. அவர்களுக்குத் தெரியப்போவதில்லை, நட்பும் கெடாது.

கேள்வி: உங்களைப் பொறுத்தவரை வெற்றி எது?

பதில்: இது முழுக்க என் கருத்து. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாவிட்டாலும் எந்த வேலையை விடாமல் செய்வேனோ, அதில் போன வருடத்தைவிடக் கொஞ்சம் தேறியிருந்தால் அது எனக்கு வெற்றி. பணமும் தேவைதான். வீட்டுக் கஷ்டத்தைச் சுமந்துகொண்டு படிக்கும் ஒருவரிடம் 'பணம் முக்கியமில்லை' என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கேள்வி (முதுகலை மாணவர்): மதம் என்ற ஒன்றே இல்லாவிட்டால் சண்டையும் இருக்காதே. நல்லிணக்கம் என்று ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

பதில்: மதத்தின் பெயரால் நடந்த கொடுமைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் சண்டைக்கு மதம் கட்டாயம் இல்லை. 1954-ல் முசாபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில் ஒரு கோடை முகாம் நடத்தினார். 22 சிறுவர்கள், எல்லோருக்கும் 11 வயது போல. ஒரே மதம், ஒரே மாதிரிக் குடும்பம், முன்பகை எதுவும் இல்லை. இரண்டு குழுவாகப் பிரித்து, பரிசு வைத்துப் போட்டி நடத்தினார்கள். அவ்வளவுதான். ஒரு குழுவின் கொடியை இன்னொரு குழு எரித்தது, ஒருவர் அறைக்குள் மற்றவர் புகுந்து சூறையாடினார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்ததுதான். சமாதானம் செய்ய இரு குழுவையும் ஒன்றாக உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். உணவை எடுத்து ஒருவர் மேல் ஒருவர் எறிந்தார்கள். பிறகு முகாமுக்குத் தண்ணீர் வருவது நின்றது. இன்னொரு நாள் ஒரு லாரி கிளம்பவில்லை. எல்லோரும் சேர்ந்து கயிறு கட்டி இழுக்க வேண்டியிருந்தது. இப்படிச் சேர்ந்தே ஆகவேண்டிய வேலைகள் வந்தபோதுதான் பகை தணிந்தது.

சண்டையை ஆய்வாளர்களே தூண்டிவிட்டார்கள் என்று பின்னால் விமர்சனம் வந்தது. அதையும் சேர்த்தே நான் எடுத்துக்கொள்கிறேன். 'அவர்கள் வேறு, நாம் வேறு' என்ற எண்ணத்தைத் திட்டமிட்டு வளர்க்க ஆள் இருந்தால், ஒரே மதத்துப் பிள்ளைகளும் மோதிக்கொள்வார்கள். அதனால், எங்காவது மோதல் வந்தால் 'எந்த மதத்துக்கும் எந்த மதத்துக்கும்' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'இதை வளர்த்து லாபம் பார்ப்பது யார்' என்றும் கேளுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி): எங்கள் நட்பு வட்டத்தில் மூன்று மதத்தவர் இருக்கிறோம். மதத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. 'எல்லா மதமும் ஒன்றுதான்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். இது போதுமா?

பதில்: நண்பர்களாக இருப்பதே பெரிய விஷயம். பெட்டிக்ரூ, ட்ராப் என்ற இரண்டு ஆய்வாளர்கள், வெவ்வேறு குழுவினர் பழகுவது பற்றிய 515 ஆய்வுகளைத் திரட்டி 2006-ல் வெளியிட்டார்கள். பழக்கம் கூடக் கூட வெறுப்பு குறைகிறது என்பதையே பெரும்பாலான ஆய்வுகள் காட்டின.

ஆனால் 'எல்லாம் ஒன்றுதான்' என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. உங்கள் தோழிக்கு அவள் வழிபாடும் அவள் நம்பும் கடவுளும் தனியானவை, உயிரானவை. வேறுபாடே இல்லை என்று சொல்லிவிட்டால், அவளுக்கு அருமையான ஒன்றைப் பார்க்காமலே போகிறோம். 1948-ல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 18-வது பிரிவு, மதத்தைப் பின்பற்றவும் வெளிப்படுத்தவும் மாற்றிக்கொள்ளவும்கூட ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது. வேறுபாடு இருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் அந்த உரிமையே எழுதப்பட்டது. 'நீ ஏன் இதைச் செய்கிறாய், உனக்கு அது என்ன தருகிறது?' என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். பதிலில் குறை கண்டுபிடிக்காமல் கேளுங்கள். அவள் சொல்ல விரும்பவில்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி (பொறியியல் மாணவர்): குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா இன்னொரு மதத்தவரைத் திட்டும் வீடியோக்களாக அனுப்புகிறார். எதிர்த்தால் சண்டை, சும்மா இருந்தால் எனக்குக் குற்ற உணர்ச்சி.

பதில்: இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. குழுவில் எல்லோர் முன்னாலும் மறுக்காதீர்கள். பெரியவர், விட்டுக்கொடுக்கமாட்டார். தனியாகப் போன் செய்து, நேரில் முடிந்தால் இன்னும் நல்லது, 'பெரியப்பா, இது எப்போது எடுத்தது, எங்கே எடுத்தது என்று பார்த்தீர்களா?' என்று கேளுங்கள். வீடியோவின் ஒரு காட்சியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போட்டால், பழையதா, வேறு இடத்தில் நடந்ததா என்று பல நேரம் தெரிந்துவிடும். அதை அவர் கண் முன்னாலேயே செய்து காட்டுங்கள். தகவலின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று அர்த்தம். அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்த வகைத் தகவல்களின் பரவல் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே சொன்னது. ஒரு சின்னத் தடை எவ்வளவு செய்கிறது பாருங்கள்.

பெரியப்பாவை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். 1,500 பேரை எட்டுவதற்கு உண்மைக்குப் பொய்யைப் போல ஆறு மடங்கு நேரம் பிடித்தது. தானியங்கிக் கணக்குகள் உண்மை, பொய் இரண்டையும் ஒரே அளவில்தான் பரப்பின. பொய்க்கு வேகம் கொடுத்தவர்கள் மனிதர்கள். அது புதிதாக இருந்தது, அதிர வைத்தது, உடனே பகிர்ந்தார்கள். கோபம் வந்தால் என் விரலும் உங்கள் விரலும் அதையேதான் செய்யத் துடிக்கும்.

அவர் அப்படியும் நிறுத்தாவிட்டால், குழுவில் ஒரே ஒரு முறை, 'எனக்கு இதில் உடன்பாடில்லை, இதில் திட்டப்படுபவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள்' என்று மரியாதையாகப் போடுங்கள். பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் அதைப் படிப்பார்கள்.

கேள்வி (ஒரு தாய்): 14 வயது மகன் இன்ஸ்டாகிராம் கேட்கிறான். 13 வயது ஆனால் போதும் என்கிறானே?

பதில்: அந்த 13, பிள்ளையின் பக்குவத்தை வைத்து வந்த எண் இல்லை அம்மா. 13 வயதுக்குக் குறைந்தவர்களின் தகவல்களைப் பெற்றோர் அனுமதியின்றித் திரட்டக் கூடாது என்று 1998-ல் அமெரிக்காவில் வந்த சட்டத்திலிருந்து வந்தது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பரிலிருந்து 16-ஐ எல்லையாக வைத்திருக்கிறது. உங்கள் மகனை உங்களுக்குத்தான் தெரியும். அனுமதித்தால் பிரைவேட் கணக்காக இருக்கட்டும், இரவில் போன் அவன் அறையில் வேண்டாம். யாராவது மிரட்டினாலோ அசிங்கமாக ஏதாவது அனுப்பினாலோ, 'உன்னைத் திட்டமாட்டேன், என்னிடம் சொல்' என்று இப்போதே வாக்குக் கொடுத்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட அது முக்கியம்.

கேள்வி: எல்லாக் கணக்கையும் ஒரேயடியாக அழித்துவிடலாமா அக்கா?

பதில்: 2018-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக்காகச் சிலர் நான்கு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்தினார்கள். தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது, மனநிலை கொஞ்சம் தேறியது, அரசியல் கருத்துகளில் காட்டம் சற்றுத் தணிந்தது. ஆனால் நாட்டு நடப்பு பற்றிய அறிவும் குறைந்தது. அதனால் அழிக்க வேண்டாம், நான்கு வாரம் நிறுத்திப் பாருங்கள். செய்தியை வேறு வழியில் படியுங்கள். மிச்சமாகும் நேரத்தை எதில் போடுவது என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள், இல்லையென்றால் யூடியூப் அதை எடுத்துக்கொள்ளும்.