ஸ்டீவ் ப்ளமும் அனிமே டப்பிங்கும்: கேட்டவையும் பதில்களும்

கே: ‘கௌபாய் பீபாப்’ என்ற அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடரின் ஆங்கில டப்பிங்கில், நாயகன் ஸ்பைக்கின் குரல் அமெரிக்க நடிகர் ஸ்டீவ் ப்ளமுடையது என்கிறார்கள். டைட்டிலில் டேவிட் லூகாஸ் என்று வருகிறதே, அண்ணா?

ப: ஒரே ஆள்தான். லாஸ் ஏஞ்சலஸில் அப்போது நிறைய அனிமே டப்பிங் நடிகர் சங்க ஒப்பந்தத்துக்கு வெளியே நடந்தது. சங்கத்தில் இருப்பவர் அங்கே வேலை செய்தால் சிக்கல். அதனால் பலர் புனைபெயர் வைத்துக்கொண்டார்கள். ‘தி பிக் ஓ’ அனிமேவிலும் அவருக்கு இதே பெயர்தான்.

கே: வாயசைவோடு எப்படிப் பொருத்துகிறார்கள்?

ப: பாதி வேலை வசனம் எழுதுபவருடையது, அசைவை எண்ணி ஆங்கில வரியை அவர் வெட்டித் தருவார். நடிகர் பெரும்பாலும் தனியாகத்தான் மைக் முன் நிற்பார். ஹெட்போனில் சம இடைவெளியில் மூன்று பீப் கேட்கும். நாலாவது விழவேண்டிய நொடியில் பேசத் தொடங்கணும். ஓரிரு வரியாகத்தான் பதிவு.

வரி சீக்கிரம் முடிந்தால் திரையில் வாய் சும்மா ஆடும். ஒரு சொல் சேர்ப்பார்கள், இல்லையென்றால் இழுத்துப் பேசச் சொல்வார்கள். நொடிக்கு 24 ஃப்ரேம். இரண்டு மூன்று ஃப்ரேம் பிசகை எஞ்சினியரே நகர்த்திவிடுவார். நடுவில் வரும் நிறுத்தம் தவறினால் மட்டும் மறுபடி டேக்தான். புதியவர்கள் சறுக்குவது அங்கேதான்: திரையைப் பார்ப்பதில் நடிப்பை விட்டுவிடுவார்கள்.

ஜப்பானியத்தில் வினை கடைசியில் வரும். முகம் மாறுவதும் அங்கேதான். ஆங்கிலத்தில் அது முன்னாலேயே வந்துவிடும். நம் தமிழுக்கு இந்தத் தொல்லை குறைவு!

கே: கத்தும் காட்சிகள்?

ப: நாளின் கடைசிக்குத் தள்ளிவைப்பது நல்லது. முதலிலேயே தொண்டையால் கத்தினால் மீதி வரிகளில் குரல் கரகரத்து, முன்பு பதிந்ததோடு ஒட்டாது.

கே: அனிமே மட்டும் சோறு போடுமா?

ப: கஷ்டம். மணிக்கணக்கில் கூலி, படம் எத்தனை முறை ஓடினாலும் பொதுவாகப் பங்கு கிடையாது. ப்ளமையே பாருங்கள்: ‘நருடோ’ அனிமேவில் வில்லன் ஒரோச்சிமாரு ஒருபக்கம், 2000 முதல் டூனாமி என்ற டிவி கார்ட்டூன் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கும் ரோபோ டாம், ‘ஸ்டார் வார்ஸ் ரெபெல்ஸ்’ கார்ட்டூனில் ஸெப் என்று மறுபக்கம். வீடியோ கேமில் 261 வேடங்கள் என்று 2012-இல் கின்னஸில் ஏறினார்.

கே: டப்பிங் வேலை தேடி டெக்சஸுக்குப் போகலாமா, லாஸ் ஏஞ்சலஸா?

ப: 1999-இல் ஃபனிமேஷன் என்ற டப்பிங் நிறுவனம் ‘டிராகன் பால் ஸீ’ அனிமேவைத் தன் டெக்சஸ் குழுவுக்கு மாற்றியது முதல் அங்கே அனிமே வேலை அதிகம், அதில் வெஜிட்டா என்ற பாத்திரத்துக்குப் பேசும் கிறிஸ்டோபர் ஸபாட் அங்கிருந்து வந்தவர்தான். கேம், கார்ட்டூன், விளம்பரம் எல்லாம் வேண்டுமென்றால் லாஸ் ஏஞ்சலஸ். எங்கே போனாலும் சங்க விஷயத்தை முதலில் கேளுங்கள். 2022-இல், ‘மாப் சைக்கோ 100’ அனிமேவின் நாயகனுக்கு ஆங்கிலத்தில் பேசிவந்த கைல் மெக்கார்லி, சங்கத்தோடு பேசவாவது அனிமே நிறுவனமான க்ரஞ்சிரோல் சம்மதித்தால் அதன் மூன்றாம் பருவத்தைச் சங்க ஒப்பந்தம் இல்லாமலே செய்கிறேன் என்றார். நிறுவனம் சம்மதிக்கவில்லை, நாயகன் வேடம் வேறொருவருக்குப் போனது.