பாட்டிக்குப் புரியவைத்தாளே, அதைக் கவனித்தீர்களா?

அன்புள்ள அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பிளஸ் டூ. நீட் மாதிரித் தேர்வில் 720-க்கு 390-ஐத் தாண்டவில்லை. இந்த நேரத்தில் போய் மரபியல் பாடத்தையே கட்டிக்கொண்டு கிடக்கிறாள், வீட்டில் எல்லாருடைய ரத்த வகையையும் விசாரித்து நான்கு பக்கம் படம் போட்டிருக்கிறாள் என்று குறைபட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப்பட்டது.

அப்பா ஏ, அம்மா பி, மகள் ஓ. "யாருக்கும் இல்லாத வகை இவளுக்கு எப்படி வந்துச்சு?" என்று பாட்டி முகம் சுளித்திருக்கிறார். உங்கள் மகளோ, "அப்பாகிட்ட ஏ ஒண்ணு, வெறுங்கை ஒண்ணு. அம்மாகிட்ட பி ஒண்ணு, வெறுங்கை ஒண்ணு. எனக்கு ரெண்டு பேரும் வெறுங்கையைக் கொடுத்துட்டாங்க பாட்டி" என்று சொல்லியிருக்கிறாள். பாட்டியும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

அம்மா, இதைச் செய்வதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது. மரபியல் ஆலோசகர் என்று பெயர்.

பட்டாணிச் செடியில் மெண்டல் கண்டது ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு. நெட்டை ஜெயிக்கும், குட்டை ஒளிந்துகொள்ளும். அதோடு நின்றிருந்தால் இந்தத் துறையில் ஆலோசகருக்கு அதிக வேலை இருந்திருக்காது. அந்திமந்தாரையில் சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் இளஞ்சிவப்பு வருகிறது. அது முழுமையற்ற ஓங்குத்தன்மை. ஏபி ரத்தத்தில் ஏயும் பியும் இரண்டுமே தெரிகின்றன. இது இணை ஓங்குத்தன்மை. மாணவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. மூன்றாவதாகப் புதுத் தோற்றம் வந்தால் முதல் வகை, இரண்டும் தனித்தனியே நின்றால் இரண்டாவது. இரண்டு ஜீன் சேர்ந்த கணக்கில் 9:7, 9:3:4 என்று விகிதம் வந்தால் பயப்பட வேண்டாம், கூட்டிப் பார்த்தால் 16 வரும் என்று மகளிடம் சொல்லுங்கள். வழக்கமான அதே 9:3:3:1-தான், அதன் பங்குகள் வேறு மாதிரி சேர்ந்து நிற்கின்றன. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் 37 ஜீன்கள் தாய்வழியாகவே வருகின்றன என்பதையும் அவள் ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

தேர்வுக்கு இவ்வளவு போதும். வேலையில் இதே பாடம் வேறு முகம் காட்டும். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான கதிர் அரிவாள் செல் ரத்தசோகையை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் மாறிய ஜீன் வந்து சேர்ந்தால்தான் நோய் வருகிறது. அப்படியானால் ஒடுங்கு பண்பு என்போம். ஆனால் ஒன்றை மட்டும் சுமப்பவரின் ரத்தத்தைப் பரிசோதனைக் கூடத்தில் பிரித்துப் பார்த்தால் இரண்டு வகை ஹீமோகுளோபினும் தெரியும், அங்கே அது இணை ஓங்கு. ஆக, ஓங்குவதும் ஒடுங்குவதும் நாம் எந்த மட்டத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த ஜீன் இருப்பது 1952-லேயே பதிவானது. அதே ஆண்டில்தான் பம்பாய் ரத்த வகையும் பதிவானது. அந்த வகைக்காரருக்குள் ஏ ஜீனோ பி ஜீனோ இருக்கலாம், இன்னொரு ஜீன் அதை மறைத்துவிடுவதால் சாதாரணப் பரிசோதனையில் ஓ என்றே காட்டும். ஓ என்று நம்பி ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. பாடப்புத்தகத்தில் இதெல்லாம் 'விதிவிலக்கு' என்று ஓரமாகக் கிடக்கும். மருத்துவமனையில் அன்றாடம் எதிரே வந்து உட்காருவது இந்த விதிவிலக்குகள்தான்.

கணவன் மனைவி இருவரும் கதிர் அரிவாள் ஜீனைச் சுமப்பவர்கள் என்றால், பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். "மூத்தவனுக்கு வந்துடுச்சு, இனி மூணு பேருக்கு வராதுல்ல?" என்று கேட்பார்கள். இல்லை, ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் அதே 25 மறுபடி முதலிலிருந்து. அதை அவர்கள் மனம் உடையாதபடி சொல்ல வேண்டும். கதிர் அரிவாள் நோயை 2047-க்குள் ஒழிப்பதென்று மத்திய அரசு 2023-ல் தொடங்கிய திட்டத்தில் 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்கு. முடிவு வந்த தாளைக் கையில் கொடுத்து அனுப்பினால் போதாது, விளக்க ஆள் வேண்டும்.

இதற்கு எம்.பி.பி.எஸ். கட்டாயமில்லை. உயிரியல் சார்ந்த பட்டம், அதன்மேல் மனித மரபியலில் அல்லது மரபியல் ஆலோசனையில் எம்.எஸ்சி. சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திராவிலும், கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் மனித மரபியல் துறை இருக்கிறது. ஒளிக்காமல் சொல்கிறேன்: வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் இதில் வேலை இல்லை. இடங்கள் குறைவு, அதுவும் பெருநகரங்களில்தான். முதல் இரண்டு மூன்று வருடச் சம்பளத்தைப் பார்த்து உறவினர்கள் சிரிக்கக்கூடும். அதைத் தாங்க முடியுமா என்று மகளிடம் கேளுங்கள். நீங்களும் உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்ணில் ஆர்வம் இருந்தால் கோவை வேளாண் பல்கலைக்கழகம். இளநிலை வேளாண்மைக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்தான். மேலே போய்ப் பயிர்ப் பெருக்கமும் மரபியலும் எடுக்கலாம். நெல் விளைச்சல் ஒரு ஜீன் தீர்மானிக்கும் விஷயமல்ல, பல ஜீன்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது. அதனால் அங்கே புள்ளியியல் இல்லாமல் நகர முடியாது.

"எங்க வம்சத்திலேயே யாருக்கும் டாக்டர் படிப்பு ஏறலை, இவளுக்கும் அதே ரத்தம்தானே" என்று எழுதியிருந்தீர்கள். மனிதனின் உயரத்தோடு தொடர்புள்ளவை என்று 2022-ல் வெளியான ஆய்வு ஒன்று டி.என்.ஏ.யில் 12,000-க்கு மேற்பட்ட இடங்களைக் காட்டியது. அதற்கு மேல் சாப்பாடு, நோய்நொடி எல்லாம் சேர்கிறது. அளவுநாடா வைத்து அளக்கிற உயரத்துக்கே இத்தனை. படிப்பை ஒரே வரியில் வம்சத்தின் தலையில் கட்டலாமா?

நீட்டை விடச் சொல்லவில்லை, எழுதட்டும். உயிரியலுக்கு மட்டும் 360 மதிப்பெண். இந்த ஆர்வம் அங்கேயும் உதவும். ஆனால் வேளாண்மை விண்ணப்பத்தையும் கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பத்தையும் நீட் முடிவுக்காகக் காத்திருக்காமல் போட்டுவிடுங்கள். கடைசித் தேதி யாருக்காகவும் நிற்காது.

மகள் உயிரியலோடு கணிதமும் எடுத்த பிரிவா, தூய அறிவியலா என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு வரி தெரிவியுங்கள். கணிதம் இருந்தால், உயிரியல் தரவுகளைக் கணினியில் அலசும் உயிரித் தகவலியலையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.