முக்கோணத்தில் மாட்டிக்கொண்ட காந்தம்

கேள்வி: கல் மாதிரிக் கெட்டியாக இருக்கும் படிகத்துக்குள் ‘குவாண்டம் ஸ்பின் திரவம்’ என்கிறார்களே, அங்கே எது ஓடுகிறது?

எதுவும் ஓடவில்லை. அணுக்கள் தத்தம் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அடங்க மறுப்பது அவற்றின் ஸ்பின், அதாவது எலெக்ட்ரான்களால் அணுவுக்கு வரும் காந்தத் தன்மை. ஒவ்வொரு தாமிர அயனியிலும் ஒரு குட்டிக் காந்தமுள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான காந்தப் பொருளைக் குளிரவைத்தால், ஏதோ ஒரு வெப்பநிலையில் முட்களெல்லாம் வரிசைக்கு வந்துவிடும், தண்ணீர் பனிக்கட்டியாவது போல. ஸ்பின் திரவத்தில் அந்த உறைதல் நடப்பதே இல்லை. ஹீலியத்தைச் சாதாரண அழுத்தத்தில் எவ்வளவு குளிர்வித்தாலும் திரவமாகவே இருக்கிறதல்லவா, இதை அதற்கு ஒன்றுவிட்ட தம்பி எனலாம்.

மூன்று தீக்குச்சிகளை எடுத்து, முக்கோணத்தின் மூலைக்கு ஒன்றாக வையுங்கள். பக்கத்துக் குச்சிக்கு எதிர்த்திசையில்தான் தலை இருக்க வேண்டும் என்பது விதி. முதல் குச்சிக்குத் தலை மேலே, இரண்டாவதற்குக் கீழே. மூன்றாவதை எப்படித் திருப்பினாலும் யாராவது ஒருவரோடு தகராறு. மொத்தம் 8 விதமாக அடுக்கலாம். அதில் 6 விதத்துக்கு ஆற்றல் ஒன்றே, எதிலும் முழுத் திருப்தி கிடையாது. இயற்பியலாளர்கள் இதற்கு ‘விரக்தி’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், பொருத்தமாகத்தான். ஒரு தளம் முழுக்க இப்படி முக்கோணங்களாக இருந்தால், தனிச்சுழி வெப்பநிலையிலும், அதாவது குளிரின் கடைசி எல்லையிலும், குழப்பம் தீராது என்று 1950-இல் இயற்பியலாளர் வானியர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

அது மேல், கீழ் இரண்டே திசை தெரிந்த முட்களின் கதை. நிஜ ஸ்பின் எந்தப் பக்கமும் திரும்பும். குவாண்டம் விதிகளும் சேர்ந்துகொள்ளும். பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து, ஜோடியின் மொத்த ஸ்பின்னைச் சுழியாக்கிவிடும். யாருக்கு யார் ஜோடி என்பது நிலையில்லை. சாத்தியமான அத்தனை ஜோடிப் பொருத்தங்களும் ஒரே சமயத்தில் கலந்திருக்கும். 1973-இல் இயற்பியலாளர் ஃபிலிப் ஆண்டர்சன் முன்வைத்த படம் இது. அவர் உதாரணம் காட்டிய முக்கோணத் தளத்தில் அது நடக்கவில்லை என்பது வேறு விஷயம்: முட்கள் ஒன்றுக்கொன்று 120 பாகை சாய்ந்து சமாதானமாகப் போய்விடுகின்றன என்று பிற்பாடு தெரிந்தது. யோசனை மட்டும் பிழைத்துக்கொண்டது.

கேள்வி: 1973 முதல் தேடுகிறார்கள். ‘கிடைத்துவிட்டது’ என்று ஏன் இன்னும் அடித்துச் சொல்லவில்லை?

‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பதை நிரூபித்துப் பாருங்கள், கஷ்டம் புரியும். காந்த அளவீடு செய்து பல வருஷம் ஓட்டியவன் நான். பொடியை ஜெலட்டின் மாத்திரைக் கூட்டில் அடைத்து, அதை ஒரு உறிஞ்சுகுழலுக்குள் செருகிக் கருவியில் இறக்குவோம். கோடிக்கணக்கில் விலையுள்ள கருவி, அதற்குள் ஜூஸ் குடிக்கிற குழல்! ஒருமுறை 50 கெல்வின் (தனிச்சுழியிலிருந்து 50 பாகை மேலே) அருகே வரைபடக் கோட்டில் சின்னதாக ஒரு புடைப்பு. ‘சரி, உறைந்துவிட்டது, இது திரவமில்லை’ என்று நல்ல மாதிரியை ஒரு மாதம் ஓரங்கட்டி வைத்தேன். உறைந்தது என் பொடி இல்லை, கசிந்து உள்ளே போன காற்று. ஆக்சிஜனுக்கே காந்தக் குணம் உண்டு, அந்த இடத்தில் அது இப்படித்தான் தலைகாட்டும். பாடத்தில் படித்ததுதான், கையில் வந்தபோது தோன்றவில்லை.

எதிர்ப்பக்கத் தவறு இன்னும் மோசம். ஹெர்பர்ட்ஸ்மித்தைட் என்ற கனிமத்தைப் பாருங்கள். அதில் தாமிர அயனிகள் ‘காகோமே’ அமைப்பில் இருக்கின்றன. ஜப்பானியக் கூடைப் பின்னலின் பெயர் அது, முக்கோணங்கள் மூலைக்கு மூலை தொட்டு நடுவில் அறுகோண ஓட்டை விடும். 2005-இல் ஆய்வகத்தில் சுத்தமாகத் தயாரித்தார்கள். ஸ்பின்களுக்கு இடையிலான பிணைப்பின் வலு, வெப்பநிலைக் கணக்கில் சொன்னால், சுமார் 200 கெல்வின், 0.05 கெல்வின் வரை குளிர்வித்தும் ஒழுங்கு வரவில்லை. 4000 மடங்கு கீழே! 2012-இல் ஒற்றைப் படிகத்தில் நியூட்ரான்களைப் பாய்ச்சினால், வழக்கமான காந்தம் தருகிற கூர்மையான கோடுகளுக்குப் பதில் பரந்த மங்கல். மின்சுமை இல்லாமல் ஸ்பின்னை மட்டும் சுமந்து திரியும் ‘ஸ்பினான்’களுக்கு அதுதான் அடையாளம்.

கொண்டாட வேண்டியதுதானே? துத்தநாகம் இருக்க வேண்டிய அடுக்குகளில் கொஞ்சம் தாமிரம் புகுந்துகொள்கிறது. அளவிலும் வேதியியலிலும் ஏறக்குறைய ஒரே ஆள்தான் இரண்டும். அந்தக் கள்ளத் தாமிரம் குளிரில் தனியாகக் குரல் கொடுக்கும்போது, எது காகோமேயின் பேச்சு, எது அதன் பேச்சு என்று பிரிப்பதிலேயே பாதி ஆராய்ச்சி போகிறது. இட்டர்பியம், மக்னீசியம், காலியம் கலந்த இன்னொரு முக்கோணப் பொருளிலும் இதே கதை: மக்னீசியமும் காலியமும் இடம் மாறி மாறி உட்கார்ந்து, தாறுமாறான ஒழுங்கின்மையையே திரவம் போலக் காட்டக்கூடும். என் கணிப்பில் ஹெர்பர்ட்ஸ்மித்தைட் நிஜமாகவே திரவம்தான். பந்தயம் மட்டும் கட்டமாட்டேன்.

கேள்வி: குவாண்டம் கணினிக்கு உதவுமா?

காகிதத்தில் உதவும். 2006-இல் இயற்பியலாளர் கிட்டேவ் ஸ்பின்கள் அடுக்கப்பட்ட தேன்கூட்டு அமைப்பு ஒன்றைத் துல்லியமாகத் தீர்த்து, பிழை தாங்கும் கணினிக்கு வழி காட்டினார். அதற்கு நெருங்கிய பொருள் ருத்தேனியம் குளோரைடு, அதுவோ 7 கெல்வினில் ஒழுங்குக்கு வந்துவிடுகிறது, திரவமாக நீடிப்பதில்லை.

கேள்வி: ஹெர்பர்ட்ஸ்மித்தைட் பார்க்க எப்படி இருக்கும்?

நல்ல பச்சை. பொடியாக்கினால் நீலம் கலந்த வெளிர் பச்சை. காந்தத்தை அருகில் கொண்டுபோனால் ஒட்டாது.