கேமராவும் மரியாதையும் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் ஏற்காட்டுக் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். வாரம் முழுக்க அலுவலகம், ஞாயிற்றுக்கிழமையானால் பைக்கில் ஏற்காடு மலையேறி ஏரி, லேடீஸ் சீட் பனி என்று படம் எடுப்பது என் வழக்கம். என்னிடம் நிக்கான் டி7200, 18-140, 70-300 என்று இரண்டு லென்ஸ், ஒரு ட்ரைபாட் இருக்கின்றன. போன வருஷத்திலிருந்து வலது தோளில் வலி. பாரம் தூக்கக் கூடாது என்கிறார் டாக்டர். மிரர்லெஸ் வாங்கலாமா, காம்பாக்ட் போதுமா, இல்லை போனே போதுமா என்று குழப்பமாக இருக்கிறது. வாங்குவதானால் ஃபுல் ஃப்ரேம்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். இன்னொரு தயக்கமும் உண்டு. பெரிய கேமரா கழுத்தில் தொங்கினால் கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்தில்கூட ஜனங்கள் வழிவிடுகிறார்கள், ஒரு மரியாதை கிடைக்கிறது. சின்னதை எடுத்தால் சும்மா சுற்றிப் பார்க்க வந்தவன் என்று நினைத்துவிடுவார்களே. வீட்டில் அப்பாவின் தறியைச் சில மாதங்களில் பிரித்துவிடுவோம். அந்த அறையைத்தான் கம்ப்யூட்டருக்கும் கேமரா சாமான்களுக்கும் ஒதுக்கப்போகிறேன். அதற்குள் எதை வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். உங்கள் ஆலோசனை வேண்டும்.

அன்புடன்,
ச.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது நான் இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இங்கே ஏற்காட்டில் பகோடா பாயின்ட் போகும் வழியில், இந்த மலையின் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த ஓர் அம்மா பட்டர் ஃப்ரூட்டும் மிளகும் வைத்து விற்பார். அன்றைக்குப் பக்கத்துக் கடைக்காரப் பெண்ணோடு ஏதோ கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். சாலைக்கு எதிர்ப்புறம் கார் வந்து நின்றது, இரண்டு பேர் இறங்கினார்கள், முழங்கை நீள லென்ஸை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினார்கள். அந்த அம்மா பேச்சை நிறுத்தினார். முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு பழத்தைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அவர்களுக்குப் படம் கிடைத்திருக்கும். அந்தச் சிரிப்பு கிடைக்கவில்லை.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். போன் கேள்வியை விட்டுவிடுங்கள். உங்களுக்கு அது போதாது என்பது கடிதத்திலேயே தெரிகிறது.

எடை விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மிரர்லெஸ் என்றாலே இலேசு என்று கடைக்காரர் சொல்வார், முழுக்க நம்பாதீர்கள். உங்கள் டி7200 போன்ற டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்கும் படத்தைப் பதியும் சென்ஸாருக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஏறி இறங்க இடம் வேண்டும். அதனால் நிக்கானின் பழைய எஃப் மவுன்ட்டில் (லென்ஸ் மாட்டும் வாய்) அந்த இடைவெளி 46.5 மி.மீ. கண்ணாடியை எடுத்துவிட்ட இசட் மவுன்ட்டில் அது வெறும் 16 மி.மீ. ஆக, உடல் மெலிகிறது. ஆனால் லென்ஸ் மெலிய வேண்டும் என்று கட்டாயமில்லை. கேனானின் டிஎஸ்எல்ஆருக்கான 24-70 எஃப் 2.8 லென்ஸின் இரண்டாம் பதிப்பு 805 கிராம். மிரர்லெஸ்ஸுக்கு வந்த ஆர்எஃப் 24-70 எஃப் 2.8, அதிர்வு தாங்கும் வசதியோடு 900 கிராம். கேமராவை மாற்றிவிட்டு அதே மாதிரி ஜூமை மாட்டினால் உங்கள் தோளுக்கு ஒரு லாபமும் இல்லை. உங்கள் டி7200 பேட்டரியோடு 765 கிராம், 18-140 லென்ஸ் 490 கிராம், இரண்டும் சேர்ந்து ஒன்றேகால் கிலோ. ஃபூஜி எக்ஸ்-டி30 என்ற மிரர்லெஸ் உடலோடு 23 மி.மீ. எஃப் 2 லென்ஸை மாட்டினால் 563 கிராம்தான், பாதிக்கும் குறைவு. ரிக்கோ ஜிஆர் 3 என்ற காம்பாக்ட் வெறும் 257 கிராம், சட்டைப் பையில் போகும். அதன் சென்ஸாரும் உங்கள் டி7200-இல் இருக்கும் அதே ஏபிஎஸ்-சி அளவுதான், அதாவது ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்னது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சென்ஸாரும் திரையும் ஓயாமல் ஓடுவதால் மிரர்லெஸ்ஸிலும் காம்பாக்ட்டிலும் பேட்டரி சீக்கிரம் தீரும். உங்கள் டி7200 ஒரு சார்ஜில் 1110 படம் தரும் என்பது கணக்கு, ஜிஆர் 3-க்கு 200. கூடுதல் பேட்டரி இல்லாமல் மலையேறாதீர்கள். ஜிஆரில் கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் கிடையாது, உச்சி வெயிலில் திரை தெரியாது. ஈரம் தாங்கும் சீலிங்கும் அதில் இல்லை. ஏற்காட்டு மூடுபனியில் சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றத்தான் வேண்டும். எதை வாங்கினாலும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள், மலை ஈரத்தில் லென்ஸுக்குப் பூஞ்சை பிடித்தால் லேசில் போகாது.

ஃபுல் ஃப்ரேம் என்று உங்கள் நண்பர்கள் சொல்வது 24-க்கு 36 மி.மீ. அளவுள்ள சென்ஸார். அந்த அளவு எங்கிருந்து வந்தது என்று அவர்களிடம் கேளுங்கள். ஜெர்மனியில் ஆஸ்கர் பார்னாக் என்று ஒருவர். ஆஸ்துமாக்காரர். அன்றைய கண்ணாடித் தட்டுக் கேமராவையும் ட்ரைபாடையும் சுமந்து நடக்க அவருக்கு மூச்சு வாங்கியது. சினிமா ஃபிலிமைப் படுக்கவைத்து ஓட்டி, சினிமாக் கட்டம் இரண்டைச் சேர்த்து ஒரு படமாக்கிக் கையடக்கமாக ஒரு கேமரா செய்தார். அதுதான் 1925-இல் லைக்காவாக விற்பனைக்கு வந்தது. பெரிய தட்டில் படம் எடுத்துப் பழகியவர்களுக்கு அது மினியேச்சர், குட்டிக் கேமரா. பாரம் தூக்க முடியாத ஒரு மனுஷன் தன் உடம்புக்காகச் செய்த சின்ன அளவைத்தான் இன்று உங்கள் நண்பர்கள் பெரிய அளவு என்று மிரட்டுகிறார்கள். உங்கள் தோள்வலிக்காக யாரிடமும் வெட்கப்பட வேண்டாம், தம்பி.

மரியாதை விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. யாருடைய மரியாதை? யாருக்கு வேண்டும்? வழிவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்தில் உங்களுக்கு வழிவிட்டவர் யார்? பால்குடம் தூக்கி, பசியோடு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பெண். நீங்கள் பத்திரிகைக்காரரோ அதிகாரியோ என்று பயந்து அவர் ஒதுங்கினார். அந்த ஒதுங்கலை மரியாதை என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். உங்களைக் கண்டு ஒதுங்கியவரின் முகம் உங்கள் படத்தில் எப்படி வரும்? நூறு பேர் எடுத்த படம்தான் வரும். சும்மா வந்தவன் என்று நினைத்துவிடுவார்களாம். நினைக்கட்டுமே! சும்மா வந்தவனைப் பார்த்து யாரும் முந்தானையை இழுத்து மூடுவதில்லை. பேச்சை நிறுத்துவதில்லை. ‘எந்த ஊரு தம்பி, காப்பி குடிக்கிறயா’ என்று கேட்பார்கள்.

கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் உலகம் அறிந்த புகைப்படக்காரர். ரமணர் மறைந்த 1950 ஏப்ரல் 14 இரவு அவர் திருவண்ணாமலையில்தான் இருந்தார். அவர் கையில் இருந்தது லைக்கா. அந்தச் சின்ன கேமராவிலும் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பாக மறைத்துவைத்துக்கொண்டு, தன்மேல் யார் கண்ணும் படாமல் பார்த்துக்கொண்டவர் அவர். நீங்கள் என்னடாவென்றால் கண்ணில் படவில்லையே என்று கவலைப்படுகிறீர்கள்.

இதை நான் பெரியவர்களிடமிருந்து படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வீட்டிலேயே பார்த்தேன். என் அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவரிடம் ஓர் ஆக்ஃபா கிளிக் 3 இருந்தது. கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி, எடையே இருக்காது. ஒரு ரோலுக்கு 12 படம். ரோல் தீர மாசக்கணக்காகும், தீர்ந்தால் சேலம் இறங்கும்போது ஸ்டுடியோவில் கொடுத்துக் கழுவி வாங்குவார். அந்த மலிவுப் பெட்டியின் நெகட்டிவ் 6-க்கு 6 செ.மீ., உங்கள் நண்பர்களின் ஃபுல் ஃப்ரேமைவிட மூன்றரை மடங்குக்கும் மேல் பெரியது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அப்பா பெருமைப்பட்டதே இல்லை. கோட்டுப் பையிலிருந்து பென்சிலை எடுக்கிற மாதிரி எடுப்பார்.

காப்பிப் பழம் எடுக்கும் நாட்களில் சாயங்காலம் எல்லோரும் சாக்கை இறக்கி எடை போட வரிசையில் நிற்பார்கள். அப்பா எடுத்த ஒரு படம் இப்போது என் மேஜையில் இருக்கிறது. ஒரு பெண், முப்பது வயதிருக்கும், சாக்கின் கழுத்தை முறுக்கிப் பிடித்திருக்கிறார். விரல்களில் பழச்சாறு பட்டுக் கறுத்து ஒட்டியிருக்கிறது. மணிக்கட்டுக்கு மேல் சின்னச் சின்ன வீக்கம், செவ்வெறும்பு கடித்தது. தலையில் போட்ட துண்டு சரிந்து ஒரு காது தெரிகிறது. கண் தராசு முள்ளில் இருக்கிறது, வாய் மட்டும் அப்பாவைப் பார்த்து ஏதோ வம்புக்கு இழுக்கிறது. எடை குறைத்து எழுதாதே என்று சொல்லியிருப்பார், வேறென்ன.

அதே இடத்தில் எஸ்டேட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் ட்ரைபாடெல்லாம் வைத்து எடுத்த படமும் எங்களிடம் இருக்கிறது. நல்ல தெளிவு. அதே பெண் அதிலும் இருக்கிறார். ரேஷன் கார்டு படத்துக்கு நிற்பதுபோல மற்றவர்களோடு கையைத் தொங்கப்போட்டு நேராக நிற்கிறார். கை கழுவச் சொல்லியிருக்கிறார்கள், விரல் சுத்தமாக இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஆள் என்று நம்ப முடியாது.

இப்போது உங்களைத் திட்டப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கடிதத்தில் மூன்று கேமரா, இரண்டு லென்ஸ், ஒரு ட்ரைபாட் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் தறியைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் பிரிக்கப்போகிறோம் என்று. அந்தத் தறியில் அப்பா உட்கார்ந்திருக்கும் படம் உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் எழுதியிருப்பீர்கள். ஏற்காட்டு ஏரியையும் லேடீஸ் சீட் பனியையும் ஞாயிறுதோறும் போய் எடுக்கிற பிள்ளை, தான் தூங்கி எழுந்த வீட்டில் ஓடிய தறியை எடுக்கவில்லை! பனி அடுத்த மார்கழிக்கும் வரும். அந்த அறைக்குள் கேமரா சாமான் வைக்கிறேன் என்று எழுதக் கை எப்படி வந்தது?

அதனால் வாங்குவதை நிறுத்திவையுங்கள். உங்களிடம் இருக்கும் டி7200 இந்த வேலைக்குத் தாராளம். வீட்டுக்குள் தோளில் சுமக்க வேண்டியதில்லை, ஸ்டூலில் வைத்துக்கொள்ளலாம். 35 மி.மீ. எஃப் 1.8 டிஎக்ஸ் லென்ஸ் ஒன்று மட்டும் பழையதாகத் தேடி வாங்குங்கள், 200 கிராம்தான். உங்கள் ஜூம் அதே 35-இல் விடும் வெளிச்சத்தைப்போல நாலு மடங்குக்கும் மேல் உள்ளே விடும். தறி அறை எப்படியும் இருட்டாகத்தான் இருக்கும். ஃப்ளாஷ் போடாதீர்கள், ஜன்னலைத் திறந்துவையுங்கள். முழு அறையும் தெரிய வேண்டும் என்றால் 18-140-இன் 18 முனை இருக்கிறது.

முதலில் கேமரா இல்லாமல் போய் உட்காருங்கள். அப்பாவிடம் ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் கேளுங்கள், அவர் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் எடுங்கள். குழிக்குள் மிதிக்கும் கால், படமரத்தில் சுருளும் துணி, குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டும் கை, அறுந்த இழையை முடிக்கும்போது அவர் நாக்கைக் கடிப்பாரா, உதட்டைச் சுழிப்பாரா, அது. பாவு, அதாவது நீளவாட்டு இழைகளைப் பிணைப்பதை முழுக்க எடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். உங்கள் தெருவில் இன்னும் யாராவது விடிகாலையில் பாவு போடுகிறார்களா என்று விசாரியுங்கள், உங்கள் வீட்டைவிட்டு நாலு எட்டில் இருக்கும். தறிச் சத்தத்தை வீடியோவில் பதிவு செய்யுங்கள். டி7200 வீடியோவில் ஃபோகஸ் தேடித் திணறும், கையால் ஃபோகஸ் வைத்து நிறுத்திவிட்டு எடுங்கள். அப்பா முகம் சுழித்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் பெயர், தேதி, என்ன நெசவு என்று எழுதிவையுங்கள். என் அப்பா பின்பக்கம் ஒன்றும் எழுதவில்லை. அந்தக் காப்பிக்காட்டுப் பெண்ணின் பெயரை ஊரில் வயதானவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

தறியைப் பிரிப்பதைத் தள்ளிப்போட முடியுமா என்று வீட்டில் பேசிப் பாருங்கள். முடியாதென்றால் பிரிக்கிற நாளையும் எடுங்கள். தோளுக்குப் பிசியோதெரபி போகிறீர்களா என்று எழுதவே இல்லையே, போங்கள்.

எடுத்ததில் பத்துப் பதினைந்து படம் எனக்கு அனுப்புங்கள். நீங்கள் ஆளுக்கு எவ்வளவு கிட்டே போய் நிற்கிறீர்கள் என்று அதில் தெரிந்துவிடும். ரிக்கோவின் லென்ஸ் 28 மி.மீ.க்குச் சமம், ஃபூஜியில் 23 போட்டால் 35-க்குச் சமம். உங்களுக்கு இரண்டில் எது ஒத்துவரும் என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா