பணம் கட்ட இன்னும் ஐந்து நாள்

தம்பி, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணினிப் பொறியியலில் இடம் கைக்கு வந்துவிட்டது, மனமோ இயற்பியலில் இருக்கிறது. இரண்டுக்கும் பணம் கட்ட ஐந்து நாள்தான் பாக்கி. "தைரியம் வந்ததும் முடிவு செய்கிறேன் சார், இன்னும் வரவில்லை" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

பயம் முழுக்கப் போன பிறகு முடிவெடுத்த ஒரு பிள்ளையைக்கூட நான் பார்த்ததில்லை. கை நடுங்கிக்கொண்டேதான் கையெழுத்துப் போடுகிறார்கள். வகுப்புக்குப் போய்வர ஆரம்பித்த பிறகுதான் அந்த நடுக்கம் மெல்ல அடங்குகிறது.

வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்கரின் கதை உனக்குத் தெரிய வேண்டும். முதலில் ஓவியம் கற்றார். அதை விட்டு ஹார்வர்டில் வேதியியல் படிக்கப் போனார், அங்கிருந்து மருத்துவத்துக்கு மாறினார். 1869-இல் பட்டம் வாங்கியும் மருத்துவத் தொழில் செய்யவே இல்லை. உடம்பும் மனமும் சோர்ந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் கிடந்தார். 1870 ஏப்ரல் 30 அன்று டைரியில் ஒன்று எழுதினார்: மனிதனுக்குத் தானே தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உண்டு என்று நம்பப்போகிறேன், அப்படி நம்புவதே அந்தச் சுதந்திரத்தின் முதல் செயல். எல்லோரும் இதைத்தான் எடுத்துச் சொல்வார்கள். என்னைத் தொட்டது பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு வரி. இப்போதைக்கு, அடுத்த வருடம் வரைக்கும், இது பொய்யில்லை என்று வைத்துக்கொள்கிறேன் என்கிறார். நம்பிக்கைக்கு ஒரு தவணை போட்டுக்கொண்டார், பார்த்தாயா? உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை, சோர்வு திரும்பத் திரும்ப வந்தது. ஆனாலும் சில வருடங்களில் ஹார்வர்டிலேயே கற்பிக்கத் தொடங்கி, பின்னாளில் அமெரிக்க உளவியலின் முன்னோடிகளில் ஒருவரானார்.

ஆயுளுக்கும் சேர்த்து நம்பு என்று உன்னிடம் நான் கேட்கவில்லை. ஒரு வருடம் நம்பு. அந்த ஒரு வருடத்தில் "தப்பு செய்துவிட்டேனோ" என்று தினமும் தராசைத் தூக்காதே.

சரி, அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. உன் பயங்களைத் தனித்தனியாகத் தாளில் எழுது. வேலை கிடைக்காதோ என்பது விசாரித்தால் தெளியும் பயம். இயற்பியல் இறுதியாண்டு படிக்கும் இரண்டு பேரிடம் பேசு. முதல் வருடப் பாடத்திட்டத்தை வாங்கி, அதில் கணிதம் எவ்வளவு என்று பார். துறை மாற வழி உண்டா, விலகினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்ப வரும் என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்.

அப்பா என்னை நினைத்து வருத்தப்படுவாரோ என்பது வேறு மாதிரிப் பயம். அதற்கு எந்தத் தகவலும் உதவாது, அவரோடு உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். போனதும் முடிவைப் போட்டு உடைக்காதே, உன் பயத்தை முதலில் சொல். அவருக்கும் ஒரு பயம் இருக்கும், அதைச் சொல்ல விடு. பணம் கட்டுகிறவர் அவர். அவர் கேட்கும் கேள்விகளை எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதே.

கடவுள் ஒரு அடையாளம் காட்டட்டும் என்று காத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். பிரார்த்தனை உனக்குப் பலம் தருகிறதென்றால் விடாதே. ஆனால் பயந்த மனசுக்குக் கண்ணில் படுவதெல்லாம் அடையாளமாகத்தான் தெரியும். எந்தப் பக்கம் போகட்டும் என்று கேட்பதைவிட, போகிற பக்கத்தில் உறுதியாக நிற்க வை என்று கேட்டுப் பார். ஐந்தாம் நாளும் பேசாமல் இருந்துவிட்டால் அதுவும் ஒரு முடிவுதான், ஆனால் நீ எடுத்ததாக இருக்காது. எனக்குக் கவலை அது மட்டும்தான்.

நாளைக் காலையில் அந்த இரண்டு பேரில் ஒருவரையாவது கூப்பிட்டுப் பேசு. அப்பாவோடு பேசும்போது நானும் இருந்தால் நல்லது என்று தோன்றினால் சொல், வருகிறேன்.